பட்டா எழுதப்படாத கண்டம்: கொங்குப் பயண நாட்குறிப்பு

திங்கள், கோயம்புத்தூர்

பல ஆண்டுகள் சர்வதேசச் சட்டம் கற்பித்தவன் என்பதால், கொங்கு நாட்டில் சில பள்ளிகளும் வாசகர் வட்டங்களும் அண்டார்டிகாவைப் பற்றிப் பேச அழைத்திருக்கின்றன. தென்துருவத்துக் குளிரைப் பற்றியும் பென்குயின்களைப் பற்றியும் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துச் செல்வது ஒரே கேள்வி: அந்த நிலம் யாருடையது, அதை யார் ஆளுகிறார்கள்? அன்றன்று பேசியதையும் கேட்டதையும் இரவில் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குச் சென்றேன். வகுப்பறைச் சுவரில் தொங்கிய உலகப் படத்தின் அடியில் அண்டார்டிகா ஒரு வெள்ளைப் பட்டையாக நீண்டு கிடந்தது. படத்தைச் சுருட்டுவதற்காகக் கீழே கோத்திருந்த மரக்கட்டை அதில் பாதியை மறைத்துவிட்டது. இந்தியாவைப்போல நான்கு மடங்குக்கும் மேலான, ஏறத்தாழ 1.4 கோடி சதுர கிலோமீட்டர் நிலம் இப்படித்தான் நம் பிள்ளைகளின் கண்ணில் படுகிறது. ஆகவே, தென்துருவத்தை நடுப்புள்ளியாக வைத்து ஒரு பெரிய அட்டையில் வட்டம் வரைந்துகொடுத்து, பாகைமானியைக் கொண்டு தீர்க்கரேகைகளைக் குறிக்கச் சொன்னேன்.

உரிமை கோரிய ஏழு நாடுகளையும் ஒவ்வொரு குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். முதலில் கோரியது பிரிட்டன். 1908ஆம் ஆண்டு அரசாணையும் 1917ஆம் ஆண்டுத் திருத்தமும் அதன் ஆதாரங்கள். 1923இல் ராஸ் கடற்பகுதி நியூசிலாந்தின் பொறுப்பில் வைக்கப்பட்டது. பிரான்ஸ் 1924இல் அடேலி நிலம் என்ற ஒரு மெல்லிய கீற்றைக் கேட்டது. ஆஸ்திரேலியா 1933இல் கேட்டதோ கண்டத்தின் 42 விழுக்காடு. நார்வே 1939 ஜனவரி 14 அன்று மௌட் அரசி நிலத்தைத் தனதென்று அறிவித்தது. அதே பகுதியை நோக்கி ஜெர்மனியின் ஆய்வுக்கப்பல் ஒன்று சென்றுகொண்டிருந்ததே அந்த அவசரத்துக்குக் காரணம். அந்தக் கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் பிறகு பனியின்மீது ஜெர்மானிய அடையாளக் கம்பங்களை வீசிச் சென்றன. சிலி 1940இல் தன் எல்லையை அறிவித்தது. அர்ஜென்டினாவும் அதே பத்தாண்டில் தன் எல்லையை வரைந்துகொண்டது.

வண்ணம் தீட்டத் தொடங்கியதும் பிள்ளைகளுக்கே சிக்கல் விளங்கிவிட்டது. பிரிட்டன் கேட்பது மேற்குத் தீர்க்கரேகை 20 முதல் 80 வரை. சிலி 53 முதல் 90 வரை. அர்ஜென்டினா 25 முதல் 74 வரை. 53க்கும் 74க்கும் இடையில் மூன்று வண்ணப் பென்சில்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அந்த இடம் மட்டும் சேற்று நிறமாகி, அட்டையே தேய்ந்துபோயிற்று. உலகப் படத்தில் தென் அமெரிக்காவை நோக்கிக் கைநீட்டும் தீபகற்பம் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தீபகற்பத்தின் ஹோப் விரிகுடாவில் 1952 பிப்ரவரியில் கரையிறங்கிய பிரிட்டன் குழுவினரின் தலைக்கு மேலாக அர்ஜென்டினாவினர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதும் உண்டு.

ஒரு மாணவி அட்டையின் வேறொரு பக்கத்தைச் சுட்டிக்காட்டி, “இந்த எடத்துக்கு மட்டும் ஏனுங்க சார் யாருமே கலர் அடிக்கல?” என்று கேட்டாள். மேற்குத் தீர்க்கரேகை 90க்கும் 150க்கும் இடைப்பட்ட மேரி பேர்ட் நிலம் அது. எந்த நாடும் உரிமை கோராத நிலப்பரப்புகளில் உலகிலேயே மிகப் பெரியது அதுதான். அமெரிக்கா அதைக் கேட்கக்கூடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள், கேட்கவில்லை. ஆனால் பிறர் கோரிக்கை எதையும் ஏற்காமல், பின்னால் கேட்கும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. சோவியத் ஒன்றியமும் அதே நிலையை எடுத்தது. இன்று ரஷ்யாவும் அதில்தான் நிற்கிறது.

செவ்வாய், பொள்ளாச்சி – சேத்துமடை – பரம்பிக்குளம்

பொள்ளாச்சியில் மாலையில்தான் கூட்டம் என்பதால் காலையிலேயே பரம்பிக்குளத்துக்குப் புறப்பட்டேன். பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்த இடம் அது. சேத்துமடைச் சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக்கொடுத்து, டாப்சிலிப் ஏறி, ஆனப்பாடியில் கேரள வனத்துறையின் சாவடியில் மறுபடியும் எழுதிக்கொடுத்து உள்ளே போக வேண்டும். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதற்குச் சாலை வழி தமிழ்நாட்டின் ஊடாகவே இருக்கிறது.

பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் நிற்கின்றன. அவற்றைப் பராமரிப்பதும் இயக்குவதும் தமிழ்நாட்டின் பொறியாளர்கள். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தின் மதகுக் கதவு ஒன்று உடைந்து அடித்துச் செல்லப்பட்டபோது அதைச் சீரமைத்ததும் தமிழ்நாடுதான். 1970 மே மாதம் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்தே செல்லுபடியாகும் என்று எழுதப்பட்ட பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தமே இதற்கு அடிப்படை. ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குத் தமிழ்நாடு தர வேண்டும் என்பதும், 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யலாம் என்பதும் அதன் சரத்துகள். மறுஆய்வைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை, தண்ணீர் நிற்கவுமில்லை.

இந்த அணைக்கரையில் நின்றுகொண்டு அண்டார்டிக் ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல, இங்கே நிலம் கேரளத்தினுடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை, அங்கே அதுவே தீராத வழக்கு. ஆனால் உரிமை ஒருவரிடமும் பயன்பாடு வேறொருவரிடமும் இருக்க, இருவரும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதைக் கொங்கு மக்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்டார்டிகாவில் அதற்கும் ஒருபடி மேலே போனார்கள்: உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை கொண்டாடப்பட்ட சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு அதற்கு வழி திறந்தது. பனிப்போரின் உச்சத்தில் அமெரிக்கர்கள் தென்துருவத்திலும், சோவியத் அறிஞர்கள் கண்டத்தின் உட்பகுதியில் வோஸ்டோக்கிலும் நிலையம் அமைத்து, கண்டறிந்த தரவுகளைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஒத்துழைப்பைக் கலைய விடாமல் 12 நாடுகள் வாஷிங்டனில் கூடி 1959 டிசம்பர் 1 அன்று கையெழுத்திட்டன. 1961 ஜூன் 23 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தெற்கு அட்சரேகை 60க்குத் தெற்கே போர்ப் பயிற்சியும் படைத்தளமும் கூடாது, அணுவெடிப்பும் கதிரியக்கக் கழிவும் கூடாது, ஆய்வுக்குத் தடையில்லை. ஆலோசனை உரிமையுள்ள, அதாவது ஒப்பந்தக் கூட்டங்களில் முடிவெடுக்கும் உரிமையுள்ள, எந்த நாட்டின் பார்வையாளரும் எந்த நாட்டு நிலையத்துக்குள்ளும் எந்த நேரத்திலும் நுழைந்து சோதிக்கலாம். ஒருவர் ஆயுதக் கிடங்கை மற்றவர் எட்டிப் பார்க்கவும் விடாத அந்தக் காலத்தில், இந்தக் கடைசிச் சரத்துக்கு இரு வல்லரசுகளும் இசைந்தது அசாதாரணமான செயல்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் நான்காம் பிரிவு. உரிமை கோரிய நாடு தன் கோரிக்கையைக் கைவிட்டதாக ஆகாது. அதை ஏற்க மறுக்கும் நாடு ஏற்றுக்கொண்டதாகவும் ஆகாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில் அங்கே எதைக் கட்டினாலும், எதை ஆய்ந்தாலும், எத்தனை ஆண்டுகள் தங்கினாலும் அது எந்தக் கோரிக்கைக்கும் வலுச்சேர்க்காது, எதையும் பலவீனப்படுத்தாது. புதிய கோரிக்கையும் கூடாது, பழையதை விரிப்பதும் கூடாது. இதைக் கோழைத்தனமான மழுப்பல் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வெல்லவும் முடியாத, விட்டுக்கொடுக்கவும் முடியாத வழக்கைத் தீர்ப்பின்றியே ஆபத்தற்றதாக்கிய சட்டவேலைப்பாடு அது. சர்வதேசச் சட்டத்தில் நான் படித்தவற்றில் இதற்கு நிகராகச் சிலவற்றையே சொல்ல முடியும்.

மாலையில் பொள்ளாச்சியில் இதையெல்லாம் சொன்னபோது, பரம்பிக்குளம் – ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) வாய்க்கால் பாசனத்தில் தென்னை வைத்திருக்கும் ஒருவர், “கட்டடங் கட்டுனா உரிமை வராதுன்னு எழுதியிருந்தும் ஏனுங்க எல்லாரும் போட்டி போட்டுக் கட்டுறாங்கோ?” என்று கேட்டார். சரியான கேள்வி. அர்ஜென்டினா தன் எஸ்பெரான்சா நிலையத்துக்குக் குடும்பங்களை அனுப்பி, 1978 ஜனவரியில் அங்கே ஒரு குழந்தை பிறக்கும்படி செய்தது. சிலியும் பின்னர் அவ்வாறே செய்தது. சட்டத்தின்முன் அந்தப் பிறப்புகளுக்கு மதிப்பில்லை. என்றேனும் ஒப்பந்தம் குலைந்தால் அன்றைக்குக் கையில் ஏதேனும் இருக்கட்டும் என்ற எண்ணம் மட்டும் எந்த நாட்டையும் விட்டு அகலவில்லை.

புதன், உடுமலைப்பேட்டை

பகல் முழுவதும் தூறல். வாசகர் வட்டத்துக்குச் சிலரே வந்தார்கள் என்றாலும் பேச்சு இந்தியாவின் பக்கம் திரும்பியதில் நிறைவு.

அண்டார்டிகாவை ஐக்கிய நாடுகள் சபையில் முதன்முதலில் எழுப்ப முயன்றது இந்தியா என்பது நம் பாடநூல்களில் போதிய இடம் பெறாத செய்தி. 1956இல் நேருவின் அரசு அதைப் பொதுச்சபையின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கக் கோரியது. அமைதிக்கு மட்டுமே அந்தக் கண்டம் பயன்பட வேண்டும், அங்கே அணுகுண்டு வெடித்தால் உலகின் தட்பவெப்பமே பாதிக்கப்படலாம் என்பது வாதம். பருவமழையை நம்பி வாழும் நாட்டுக்கு அது வெறும் கொள்கைப் பேச்சன்று. சிலியும் அர்ஜென்டினாவும் கடுமையாக எதிர்த்ததால் கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. 1958இல் மீண்டும் எழுப்பியதும் நிற்கவில்லை. வாஷிங்டன் மேசையில் இந்தியாவுக்கு இடம் தரப்படவில்லை. ஆயினும் அணுவெடிப்புத் தடையும் அமைதிப் பயன்பாடும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.

பின்பு வெளியே நின்று கேட்பதை விட்டு உள்ளே நுழையும் வழியை இந்தியா தேர்ந்தது. ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவின்படி, கணிசமான ஆய்வுப் பணி செய்துகாட்டும் நாட்டுக்கே முடிவெடுக்கும் உரிமை. எஸ்.இசட். காசிம் தலைமையில் முதல் பயணக்குழு 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு 1982 ஜனவரி 9 அன்று பனிக்கரையில் இறங்கியது. 1983 ஆகஸ்டில் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. செப்டம்பர் 12 அன்றே ஆலோசனை நாடு ஆயிற்று. அதே ஆண்டில் மலேசியா, அண்டார்டிகா மனிதகுலத்தின் பொதுச்சொத்து, ஒரு சில நாடுகள் அதை ஆளலாகாது என்று ஐ.நா.வில் வழக்குரைத்தது. அந்த வாதம் 1956இன் இந்திய வாதத்துக்கு உறவு. ஆனால் அப்போது இந்தியா மேசைக்குள் இருந்தது, தன் இடத்தைக் காத்துக்கொண்டது. இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. உள்ளே நுழைந்தவர், வெளியே நிற்பவருக்காகவும் பேசியிருக்க வேண்டும். மலேசியாவும் இறுதியில் 2011இல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

வியாழன், காங்கேயம்

உறவினர் தோட்டத்தில் தங்கினேன். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டில் மழைக்குப்பின் கொழுக்கட்டைப்புல் எழும்பியிருக்க, வெள்வேல மரத்தடியில் மாடுகள் நின்றன. திண்ணையில் அமர்ந்து நான் நான்காம் பிரிவை விளக்கியதைக் கேட்ட பெரியப்பா, தம் பங்காளிகளோடு கூட்டுக் கிணற்றுக்கு நடந்த வழக்கை நினைவுகூர்ந்தார். நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு மேல் வாய்தா போய்க்கொண்டிருந்த காலத்திலும் முறைத்தண்ணீர் ஒருநாளும் தவறவில்லையாம். “கேசு அது பாட்டுக்கு நடக்கட்டுங் கண்ணு, வெள்ளாம காயப்படாது” என்றார்.

அங்கு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார்: 2048இல் அண்டார்டிக் ஒப்பந்தம் காலாவதியாகிறது, அதன்பின் நாடுகள் கனிமத்துக்காகப் பாயப்போகின்றன என்று அதில் ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கூற்று இணையமெங்கும் பரவியிருப்பதால் இதற்கு விரிவாகவே விடை எழுத வேண்டியிருக்கிறது.

அண்டார்டிக் ஒப்பந்தத்துக்குக் காலாவதித் தேதியே கிடையாது. 2048 என்ற ஆண்டு தொடர்புடையது மாட்ரிட் நெறிமுறை எனப்படும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு உடன்படிக்கையோடு. அதன் பிறப்பே ஒரு பெரிய மனமாற்றத்தின் கதை. 1988இல் வெலிங்டனில் நாடுகள் சுரங்கத்தை ஒழுங்குபடுத்தும் ஓர் உடன்படிக்கையை, அதாவது நிபந்தனைகளோடு தோண்ட அனுமதிக்கும் ஏற்பாட்டை, பல ஆண்டு உழைப்பில் எழுதி முடித்திருந்தன. 1989 ஜனவரியில் அர்ஜென்டினாவின் பகியா பரைசோ கப்பல் தீபகற்பத்தின் அருகே பாறையில் மோதி எண்ணெய் கசிந்தது. மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கப்பல் விபத்து நடந்தது. ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக்கும் பிரான்சின் மிஷெல் ரொக்காரும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்தார்கள். எழுதி முடித்த ஏடு அப்படியே நின்றுபோயிற்று. அதற்கு மாறாக, அறிவியல் ஆய்வு தவிர்ந்த எல்லாக் கனிமப் பணிகளுக்கும் தடைவிதிக்கும் நெறிமுறை 1991 அக்டோபர் 4 அன்று மாட்ரிட்டில் கையெழுத்தாகி, 1998 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்த நாளிலிருந்து 50 ஆண்டுகள் கழிந்தபின் எந்த ஆலோசனை நாடும் மறுஆய்வு மாநாட்டைக் கோரலாம் என்பதே 25ஆம் பிரிவு. கோரலாம், அவ்வளவுதான். அதுவரை எந்தத் திருத்தத்துக்கும் எல்லா ஆலோசனை நாடுகளின் இசைவும் வேண்டும். அதன்பின்னும் மாநாட்டில் ஒரு திருத்தம் நிறைவேறினால், அது நடைமுறைக்கு வர ஆலோசனை நாடுகளில் நான்கில் மூன்று பங்கு ஒப்புதல் தர வேண்டும்; நெறிமுறை உருவான காலத்தில் ஆலோசனை உரிமை பெற்றிருந்த 26 நாடுகளும், ஒன்றுவிடாமல், அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். கனிமத் தடையை நீக்குவதானால், அதற்குமுன் சுரங்கத்தைக் கட்டுப்படுத்தும் சட்ட ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருந்தாக வேண்டும்.

அந்த 26 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் நாடு ஒன்று மறுத்தாலே அந்த வழி அடைபடும் என்பதைச் சொன்னதும் மாணவர் கைப்பேசியை அணைத்துவிட்டு நோட்டை எடுத்தார். 2048இல் என்ன ஆகும் என்று பதறுவதைவிட, அன்றைக்கு இந்தியாவின் சார்பில் பேசப்போகிறவர்கள் இன்று எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வெள்ளி, ஈரோடு

வழக்கறிஞர்களோடு கூட்டம் என்றால் பேச்சு நேரே வழக்குக்குத்தான் வரும். தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு மூத்த வழக்கறிஞர், “அங்க ஒருத்தன் இன்னொருத்தனக் கொன்னு போட்டா எந்த ஸ்டேஷன்லீங்க எப்.ஐ.ஆர். போடுவாங்கோ?” என்று கேட்டார்.

ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவு பார்வையாளர்களையும் நாடுகள் பரிமாறிக்கொள்ளும் ஆய்வாளர்களையும் அவரவர் நாட்டுச் சட்டத்தின்கீழ் வைக்கிறது. மற்றவர்களைப் பற்றிய சச்சரவுக்கு நாடுகள் கலந்துபேச வேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறது. 2000 மே மாதம் அமெரிக்காவின் தென்துருவ நிலையத்தில் ஆஸ்திரேலிய வானியல் ஆய்வாளர் ஒருவர் இறந்தார். குளிர்காலத்தில் விமானம் இறங்க முடியாததால் உடல் அக்டோபரில்தான் நியூசிலாந்துக்குப் போயிற்று. இறப்புக்குக் காரணம் மெத்தனால் நஞ்சு என்று அங்கே தெரிந்தது. நிலையம் அமெரிக்காவினுடையது, இறந்தவர் ஆஸ்திரேலியர், விசாரித்தது நியூசிலாந்து. அந்தப் பகுதியின்மீது நியூசிலாந்துக்குள்ள உரிமைகோரலை அமெரிக்கா ஏற்றதில்லை. நிலையத்தில் இருந்தவர்களிடமிருந்து முழுத் தகவலைப் பெற முடியாமலே விசாரணை 2008இல் முடிந்தது. விடையளிக்காமல் விட்ட கேள்விக்கும் ஒரு விலை உண்டு என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. நான்காம் பிரிவை எவ்வளவு போற்றினாலும் இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இந்தியர்களைப் பொறுத்தவரை 2022ஆம் ஆண்டின் இந்திய அண்டார்டிக் சட்டம் இந்த இடைவெளியின் ஒரு பகுதியை அடைத்திருக்கிறது: அனுமதி பெறாமல் இந்தியப் பயணக்குழு போக முடியாது, கனிமத்துக்காகத் துளையிட்டால் ஏழாண்டு வரை சிறை, விசாரிப்பதற்கென்று நீதிமன்றங்களை அரசு குறிக்கலாம்.

பிறகு பேச்சு கருத்தொருமைக்குச் சென்றது. 29 ஆலோசனை நாடுகளில் ஒன்று மறுத்தாலும் முடிவு இல்லை. தடைகளைக் காக்கும் அதே விதி, புதிய பாதுகாப்பையும் தடுக்கிறது. ராஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்புப் பகுதியாக்க 2016இல் இசைந்த, ஹோபர்ட்டில் கூடும் அண்டார்டிகக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்திலேயே, கிழக்கு அண்டார்டிகாவுக்கும் வெடல் கடலுக்கும் அத்தகைய பாதுகாப்பு தர வேண்டும் என்ற முன்மொழிவுகள் சீனா, ரஷ்யாவின் எதிர்ப்பால் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகின்றன. 2022இல் பெர்லினில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் பேரரசப் பென்குயினைச் சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை. 2024 மே மாதம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கொச்சியில், 46ஆவது ஆலோசனைக் கூட்டம் நடந்தது; கனடாவும் பெலாரஸும் ஆலோசனை உரிமை கேட்டு வந்து, முடிவின்றித் திரும்பின. இருந்தும் ஒரு பருவத்தில் லட்சம் பேரைத் தாண்டிவிட்ட சுற்றுலாவுக்கு ஒரு முறையான சட்டக்கட்டமைப்பு எழுதும் பணி அங்கேதான் தொடங்கியது. நம் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் ரயிலில் போய்ச் சேரும் நகரத்தில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கூடத்தில் இருந்தவர்களில் ஒருவர் மட்டுமே கேள்விப்பட்டிருந்தார்.

இளம் வழக்கறிஞர் ஒருவர் கடைசியாகக் கேட்டார்: நம்முடைய பாரதி நிலையம் ஆஸ்திரேலியா உரிமை கோரும் லார்ஸ்மன் குன்றுகளிலும், மைத்ரி நார்வே உரிமை கோரும் பகுதியிலும் இருக்கின்றனவே, அவர்களிடம் அனுமதி வாங்கினோமா? வாங்கவில்லை, வாங்க வேண்டியதுமில்லை. ஆனால் பாரதியைக் கட்டுவதற்குமுன், அதனால் சுற்றுச்சூழலுக்கு என்ன நேரும் என்ற மதிப்பீட்டு வரைவை மாட்ரிட் நெறிமுறைப்படி எல்லா நாடுகளுக்கும் அனுப்பி, அவர்கள் கருத்தைப் பெற வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவும் அவர்களில் ஒருவராகவே கருத்துச் சொல்ல முடியும், நில உரிமையாளராக அன்று. மைத்ரிக்கு அருகில் புதிய நிலையம் கட்டவும் இந்தியாவுக்கு இதே நடைமுறைதான். அந்த வரைவுகள் ஒப்பந்தச் செயலகத்தின் தளத்தில் எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. ஈரோட்டு வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து அவற்றைப் படித்து, தமிழில் சுருக்கி எழுத முன்வந்திருக்கிறார்கள்.